'இடம் இருக்கு' பாட்டில் பேஸ் வாசித்தது யார்

சின்னவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே பாதி ஆயுளை ஓட்டிவிட்டாள். வீட்டுக்கு இளையவள் என்று வைத்த செல்லப்பெயர் தலை நரைத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூலில் சேர வருகிறவர்கள்கூட, "சின்னவங்க டீச்சர் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். வாய் கொஞ்சம் நீளம். "கண்ணாடியைப் பாருன்னா பின்னாடி வர்ற லாரியைப் பாரு. தலைமுடியைப் பாக்காத" என்பாள். ஆனால் அவளிடம் படித்தவர்கள் யாரும் லைசென்ஸ் வாங்காமல் திரும்பியதில்லை.

அவள் ஒரு காலத்தில் பேஸ் கிட்டார் வாசித்தவள் என்பது அந்த மாணவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கட்டிய கணவருக்குத் தெரியும். அவர் நல்ல மனிதர், சத்தம் ஆகாது. கல்யாணம் ஆன புதிதில் ஒருமுறை அவள் வாசித்துக் காட்டியபோது, "நல்லா இருக்கு, மிச்ச வாத்தியம் எல்லாம் எப்ப வரும்?" என்று கேட்டார். அதோடு கிட்டார் பரண் ஏறியது. அவர் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. சின்னவள் இப்போது அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். கீழே அக்காவும் அத்தானும்.

அன்றைக்கு மருந்துக்கடைக்காரர் ஒருவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஓரங்கட்டச் சொல்லிவிட்டு எடுத்தாள். ஒரு பெண்ணின் குரல்.

"மேடம், பழைய பாட்டுங்களைத் தேடிப் பிடிச்சு வெளியிடுற கம்பெனில இருந்து பேசுறேன். 'இடம் இருக்கு'ன்னு ஒரு பாட்டு. உங்க குழு ரெக்கார்ட் பண்ணி, வெளியாகாமப் போனது…"

சின்னவளுக்குக் காது அடைத்துத் திறந்தது. "அது இன்னும் இருக்கா?"

"ஒரு டேப் கிடைச்சிருக்கு மேடம். கேட்டதுல இருந்து எங்க ஆபீஸ்ல யாரும் ஒழுங்கா நடக்கிறதில்லை, எல்லாரும் ஆடிக்கிட்டே போறாங்க. அந்தப் பேஸ்தான் பாட்டே. நடுவுல ஒரு இடத்துல எல்லாரும் திடீர்னு நின்னுட்டு, அப்புறம் மறுபடியும் ஒண்ணாத் தாளத்துல விழுறீங்களே, அதுக்காகவே இதை வெளியிடுறோம். அட்டைல பேரு போடணும். பேஸ் யாருன்னு உறுதி பண்ணிக்கலாம்னு…"

"நான்தாம்மா."

"உங்க அக்கா வீட்டுக்காரர்கிட்ட காலைல பேசினேன் மேடம். கிட்டாரும் பேஸும் அவர்தான் வாசிச்சதாச் சொன்னாரே?"

மருந்துக்கடைக்காரர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டிருந்தார். கார் மெதுவாகப் பின்னால் நகர்ந்து ஒரு குப்பைத்தொட்டியை முத்தமிட்டது. முப்பது வருஷத்தில் முதன்முறையாகச் சின்னவளின் கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

அந்தப் பாட்டு பிறந்த இடம் ஒரு மெத்தைக் கடையின் மாடி. கடை முதலாளியின் தம்பிக்கு மெத்தை வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. எங்கேயோ ஏலத்தில் ஒரு டேப் மெஷின் எடுத்து வந்து மாடியில் வைத்திருந்தார். டேப்பில் பக்கத்துப் பக்கமாக நாலு பாதை. ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியத்தைத் தனியாகப் பதியலாம், பிடிக்காவிட்டால் அதை மட்டும் அழித்து மறுபடி பதியலாம். சத்தம் வெளியே போகாமலிருக்க நாலு சுவரிலும் விற்காத மெத்தைகளைச் சாய்த்து வைத்திருப்பார். அதனால் அவர் பெயர் மெத்தையார். கடை விடுமுறை நாட்களில் பகலெல்லாம் அங்கேதான் கிடப்பார்கள். அக்கா பாட்டு, அத்தான் கிட்டார், சின்னவள் பேஸ், பிறகு ஒரு டிரம்ஸ்காரர். அந்த டிரம்ஸ்காரர் கப்பலில் வேலை கிடைத்துப் போகிற அவசரத்தில் இருந்தார்.

எங்கிருந்தோ வந்த ஃபங்க் இசைத்தட்டு ஒன்றை அத்தான் கேட்டுவிட்டு வந்து, கிறுக்குப் பிடித்தவர் போல ஆகியிருந்தார். ஃபங்க்குக்கு ராகம் இனிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கேட்கிறவன் இடுப்பு சும்மா இருக்கக்கூடாது, அதுதான் சட்டம். முதல் தட்டில் எல்லோரும் ஒன்றாக விழ வேண்டும். மற்ற தட்டுகளில் ஆளுக்கொரு பக்கம் விலகி விளையாடலாம். விளையாடப் போனவர்களை எல்லாம் கைபிடித்து மறுபடி முதல் தட்டுக்குக் கூட்டி வருவது பேஸின் வேலை. அக்கா பஸ்ஸில் தினமும் கேட்ட கூப்பாட்டையே வரியாக்கினாள்: "இடம் இருக்கு, இடம் இருக்கு, இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு." பாட்டு முழுக்க அவ்வளவுதான். அதற்குக் கீழே ஓடும் பேஸ் வரிசையைச் சின்னவள் பிடித்தாள். எப்படிப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. விரல் தானாகப் போனது.

பிறகு பாட்டு வெளியாகவில்லை. வெளியிடுவதாக இருந்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள் என்று அத்தான் சொன்னார். சின்னவள் அதை நம்பினாள். வேலை, கல்யாணம், பிள்ளை, கிளட்ச், கியர் என்று காலம் ஓடியது. ஆனால் மனதுக்குள் ஒரு மூலையில் அவள் அதை வைத்திருந்தாள். சமைப்பது எல்லோரும் செய்வது. கார் கற்றுக்கொடுக்கவும் ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பேஸ் வரிசை மட்டும், அவள் இல்லாவிட்டால், உலகத்தில் இருந்தே இருக்காது என்று நம்பியிருந்தாள். இப்போது அதிலும் அத்தான் வந்து உட்கார்ந்துகொண்டால் அவளுக்கென்று மிச்சம் என்ன?

மாடிப்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கீழ் வீட்டுக்குள் போனாள். அத்தான் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு காதில் கேட்கும் கருவி. அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்தான், பேஸ் நீங்களா வாசிச்சீங்க?"

"ஆமா."

"எதை வெச்சு?"

"உன் கிட்டாரை வெச்சுத்தான். வேற எதை வெச்சு வாசிப்பாங்க?"

அக்காவின் கத்தி நின்றது. அதைச் சின்னவள் கவனித்துவிட்டாள்.

"அக்கா, உனக்கும் தெரியுமா?"

"இப்ப எதுக்குடி அந்தப் பழைய கதை? கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

கதை வெளியே வர நேரம் பிடித்தது, ஏனென்றால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சின்னவள் அப்போது டிரைவிங் பயிற்சியாளர் பரீட்சைக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தாள். பதிந்ததை அத்தான் போட்டுக் கேட்டார். பேஸ் கொஞ்சம் பின்னால் இழுப்பது போலப் பட்டது. அவள் கிட்டார் மெத்தைக் கடை மாடியிலேயே கிடந்தது. எடுத்தார், அவள் பேஸை அழித்துவிட்டு அதே வரிசையைத் தானே வாசித்தார். அக்கா கேட்டுவிட்டு, என் தங்கச்சி வாசித்ததுதான் நன்றாக இருந்தது என்று ருத்ரதாண்டவம் ஆடினாள். அவர் வாசித்ததையே கம்பெனிக்குக் கொடுப்பதா, தங்கையை மறுபடி வாசிக்க வைப்பதா என்று இருவருக்கும் மாதக்கணக்கில் சண்டை. அதற்குள் கம்பெனிக்கே பூட்டு.

"நான் உனக்காகத்தானேடி சண்டை போட்டேன்!"

"எனக்குத் தெரியாம எனக்காகச் சண்டை போட்டியா? நல்லா இருக்கே! பேஸ் வாசிச்சவ நான், பஞ்சாயத்து உங்க ரெண்டு பேருக்கும்."

"சொன்னா வருத்தப்படுவேன்னு…"

"இப்ப ரொம்ப சந்தோஷமா இருக்கேன், பாரு."

"சரி விடு" என்றார் அத்தான். "பாட்டைத்தான் அனுப்பியிருக்காங்களே. போடு, கேட்டாத் தெரிஞ்சிடப் போகுது. என் விரல் எனக்குத் தெரியாதா?"

போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் போட்டார்கள். முதல் தட்டு விழுந்ததும் சின்னவளின் கால் தானாகத் தாளம் போட்டது. அக்காவின் இளம் குரல் வந்ததும் அக்கா பீன்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, "யாருடி இவ, இவ்வளவு திமிரா இருக்கா?" என்று சிரித்தாள். சின்னவள் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டாள். முதல் சில வரிகளுக்கு, நானேதான் என்று தோன்றியது. அடுத்த வரியில் ஒரு வழுக்கல் வந்தது. நான் இப்படி வழுக்குவேனா? அத்தான் கிட்டார்காரர், அவருக்குத்தான் கம்பியில் வழுக்கிப் போகிற பழக்கம். அப்படியானால் அவர்தான். மறுபடி கேட்டபோது அந்த வழுக்கலும் தன்னுடையது போலவே பட்டது. இந்த வரிசையை அத்தானுக்கு விரல் விரலாகக் காட்டிக்கொடுத்தவளே அவள்தான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் அவளைப் போலவே வாசித்திருப்பார். அதற்கு முன்னால் பல வருஷம் அவர் வாசிப்பைக் கேட்டுத்தான் அவள் கற்றுக்கொண்டாள். அவளும் அவரைப் போலத்தான் வாசித்திருப்பாள்.

"சந்தேகமே இல்லை, நான்தான்" என்றார் அத்தான்.

"உங்க மிஷின்ல பேஸ் கேக்குதா முதல்ல?" என்றாள் அக்கா.

அத்தான் கருவியைத் தட்டிப் பார்த்தார். "பாட்டு கேக்குது. பேஸ்… கேக்கலை. ஆனா நான்தான்."

பரணிலிருந்து கிட்டாரை இறக்கி இருவரும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தார்கள். கம்பி துருப்பிடித்திருந்தது, விரல் அதைவிட மோசம். இரண்டு பேருமே போனில் ஓடும் அந்த ஆளைப் போல வாசிக்கவில்லை. "ரெண்டு பேரும் இல்லை போல" என்று அக்கா முடிவு சொன்னாள்.

மறுநாள் மூன்று பேரும் ஸ்கூல் காரில் மெத்தையாரைப் பார்க்கப் போனார்கள். டேப்பைக் கம்பெனிக்குக் கொடுத்தது அவர் மகன். மாடியைக் காலி செய்தபோது கிடைத்ததாம். கடையில் இப்போது எல்லாம் ரப்பர் மெத்தை. மெத்தையார் அதில் ஒன்றின்மேல், விற்பனைக்கு வைத்த பொருள் மாதிரி, கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"அழிச்சேன்னு இவர் சொன்னாரா?" மெத்தையார் எழுந்து உட்கார்ந்தார். "யார் அழிக்க விட்டா? பேஸ் பொண்ணு வாசிச்சதை அழிக்க எனக்கு மனசு வருமா? இவருக்குத் தெரியாம இரவல் மெஷின் வாங்கி முதல்ல அதை இன்னொரு டேப்ல நகல் எடுத்தேன். அப்புறம்தான் இவரை வாசிக்க விட்டேன்."

சின்னவளுக்கு மூச்சு வந்தது. "அப்போ ரெண்டு டேப் இருந்துச்சா?"

"ரெண்டு. ஒண்ணுல நீ, ஒண்ணுல இவரு. மிச்சமெல்லாம் ஒண்ணுதான். ரெண்டுலயும் அதே டிரம்ஸ், அதே கிட்டார், உங்க அக்காவோட அதே குரல்."

"இப்ப இருக்கிறது எது?"

மெத்தையார் முகம் விழுந்தது. "அங்கதாம்மா சிக்கல். எங்கண்ணன் இருந்தாரே, பெரிய முதலாளி, அவருக்கு நான் பாட்டுக்காரங்களோட சுத்துறதே ஆகாது. ஒருநாள் நான் இல்லாத நேரம், மெத்தையைச் சுருட்டிக் கட்டுற கயிறு தீர்ந்துபோச்சு. மேல வந்து பாத்திருக்கார். பளபளன்னு ரிப்பன் மாதிரி ஒரு சக்கரம் நிறைய சுத்தி இருக்கு. நல்ல உறுதி. கீழ எடுத்துட்டுப் போய், வந்தவங்களுக்கெல்லாம் மெத்தையை அதாலயே நாலு சுத்து சுத்திக் கட்டிக் கொடுத்து அனுப்பிட்டார்."

அக்காவுக்குத்தான் முதலில் தோள் குலுங்கியது. "என் பாட்டைக் கட்டிக்கிட்டுப் போய்த் தூங்கியிருக்காங்க!"

"எந்த டேப்பைக் கட்டினார்?" என்றாள் சின்னவள்.

"பெட்டி ரெண்டும் ஒரே மாதிரி. மேல எதுவும் எழுதலை. எனக்குத் தெரியும்ல, எதுக்கு எழுதணும்னு இருந்துட்டேன். ஜன்னல் பக்கம் இருக்கிறது உன்னது, கதவுப் பக்கம் இருக்கிறது இவரது. அண்ணன் ரெண்டையும் எடுத்துப் பாத்துட்டு மிச்சத்தை மேசைமேல போட்டுட்டுப் போயிருந்தார், எந்தப் பக்கத்துல இருந்ததைக் கொண்டுபோனார்னு கேட்டேன். 'எடுத்ததை எடுத்தேன், போடா'ன்னுட்டார்."

"நீங்க கேட்டுப் பாத்திருப்பீங்கல்ல? மிச்சம் இருந்ததை?"

"கேட்டேன். அன்னிக்கு இவரு மாதிரி இருந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு இன்னொரு தடவை கேட்டேன். உன்ன மாதிரி இருந்துச்சு." அவர் தலையைச் சொறிந்தார். "இப்பக் கேட்டா யாரு மாதிரி இருக்கும்னு பயமா இருக்கு."

திரும்பி வருகையில் சின்னவளுக்குத் தலைக்குள் நூல்கண்டைப் பூனை உருட்டின மாதிரி இருந்தது. தான் வாசித்தது ஊரில் எவர் வீட்டுக்கோ மெத்தையோடு போய்ச் சேர்ந்து, அவிழ்த்தெறியப்பட்டுக் குப்பைக்குப் போயிருக்கலாம். அல்லது அத்தான் வாசித்தது அப்படிப் போயிருக்கலாம். எதுவானாலும் இனி யாரும் சொல்ல முடியாது. கம்பெனிப் பெண்ணுக்கு அன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அந்தப் பொண்ணு சொல்லுதே, நடுவுல நிக்கிற இடம்" என்றார் அத்தான் பின்னிருக்கையிலிருந்து. "அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்காது. எவ்வளவோ பாத்தேன், எடுக்க முடியலை."

"ஏன் எடுக்க முடியலை?"

"நீ மட்டும் நின்னிருந்தா நான் அந்த இடத்துல வாசிச்சு அடைச்சிருப்பேன். டிரம்ஸும்ல நின்னுடுச்சு? அவன் கப்பலேறிட்டான், மறுபடி யாரை வெச்சு அடிக்கிறது? அது இல்லாம பேஸ் மட்டும் ஓடினா நல்லாவா இருக்கும்? நானும் நிறுத்த வேண்டியதாப் போச்சு. உங்க அக்காவும் அங்க வாயை மூடிக்கிட்டா."

சின்னவள் காரை இருந்த இடத்திலேயே நிறுத்தினாள். ஓட்டுகிறவள் இந்த முறை அவளே.

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவளும் டிரம்ஸ்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றாகத்தான் வாசித்தார்கள். அறை முழுக்கப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. பாட்டு பாதியில் மூக்குக்குள் ஒரு துணுக்கு புகுந்தது. தும்மினால் பதிவு பாழ். மூச்சைப் பிடித்து, கம்பி நாலையும் உள்ளங்கையால் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டாள். டிரம்ஸ்காரர் அவள் முகத்தைப் பார்த்து அது ஏதோ சைகை என்று நினைத்துத் தானும் கையைத் தூக்கிவிட்டார். தும்மல் வரவில்லை. கண்ணைத் திறந்தாள், இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். மறுபடி வாசிக்கலாம் என்று அவள் கெஞ்சினாள். டிரம்ஸ்காரருக்கு நேரமில்லை. அந்த அசட்டு இடைவெளியை நினைத்து எத்தனையோ முறை வெட்கப்பட்டிருக்கிறாள்.

"அப்போ எந்த டேப்பா இருந்தாலும் நின்னது நான்தானே?" என்றாள்.

"நின்னது நீதான்" என்றார் அத்தான். "அதுல என்ன சந்தேகம்? தப்பை எல்லாம் நான் பங்கு கேக்க மாட்டேன்."

அங்கேயே, காரில் உட்கார்ந்தபடியே, கம்பெனிப் பெண்ணைக் கூப்பிட்டாள். மெத்தையையும் டேப்பையும் தும்மலையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பெண் நடுவில் இரண்டு முறை, "எந்த மெத்தை மேடம்?" என்று கேட்டாள்.

"புரியுது மேடம். இல்லை, முழுசாப் புரியலை. ஆனா நிறுத்தினதுக்குன்னு அட்டைல தனியாப் பேரு போட முடியாதே. பேஸ்னு ஒரு வரிதான் இருக்கு. யார் பேரு?"

பின்னிருக்கையிலிருந்து அத்தான் குனிந்து, "அவ பேரையே போடும்மா" என்று போனை நோக்கிக் கத்தினார்.

சின்னவள் திரும்பினாள். "நிஜமாச் சொல்றீங்களா, போனாப் போகுதுன்னு சொல்றீங்களா?"

"எனக்கு என்ன தெரியும்? நேத்து வரைக்கும் நான்தான்னு சத்தியம் பண்ணியிருப்பேன். அந்தாளு கடையை விட்டு வந்ததுல இருந்து என் கையை நானே சந்தேகமாப் பாக்குறேன்."

"தானமா எனக்கு வேண்டாம் அத்தான்."

"தானம் பண்ற அளவுக்கு அது என்னதா உன்னதான்னே தெரியலையே!"

"மேடம்?" என்றது போன்.

சின்னவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"என் பேரைப் போடும்மா" என்றாள். "தப்பா இருந்தாலும் இருக்கலாம். உனக்கு அது தெரிஞ்சிருக்கட்டும்."

"வேற யார்கிட்டயாவது சொல்லணுமா மேடம்?"

"யாராவது கேட்டாச் சொல்லு. அந்த இடத்துல ஏன் நின்னாங்கன்னு கேட்டா, மூக்குல பஞ்சுன்னு சொல்லு. அது மட்டும் நிச்சயம்."

போனை வைத்தாள். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அத்தான், "சரியாத்தான் சொன்னியா?" என்றார்.

"தெரியல அத்தான்."

"வண்டியை எடுடி" என்றாள் அக்கா. "நடு ரோட்டுல நிக்கிறோம்."